மொட்டை போட்ட அன்னைக்கு மூடிக் கொடுத்த லைட்டு

பவானிக்கும் குணாவுக்கும் நைனா எழுதுவது.

லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு இனிமேல் வேலை பார்க்கக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் திங்கட்கிழமையில் இருந்து அந்த மேசை உங்களுடையது. வேலை உங்களுக்குத் தெரியும். சுவிட்ச் மாற்றுவது, பச்சை பூத்த கம்பியைச் சுரண்டுவது எல்லாம் என்னைவிட நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நான் பத்தாவதோடு நின்றவன், எழுத்தில் தப்பு இருந்தால் பவானி திருத்திக்கொள்.

போன வாரம் தண்ணீர் புகுந்த லைட்டு ஒன்று பார்சலில் வந்தது. அதைத் திறப்பதற்கு முன்னாடியே குணா சீட்டில் 'கஸ்டமர் சரியாக மூடவில்லை' என்று எழுதினான். பவானி சிரித்தாள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். நம்ம தொழிலில் அதைவிடச் சுலபமாக எழுதக்கூடிய வரி கிடையாது. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். அந்த வரியை நானும் ஒரு தடவை எழுத இருந்தேன். எழுதியிருந்தால் ஒரு மனுஷனுடைய பிழைப்பு போயிருக்கும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கடலே இல்லாத இந்த ஊரில் கடலுக்குள் எரிகிற லைட்டுக்கு ஒரு ரிப்பேர் கடையா என்று கேட்காத ஆள் இல்லை. பார்சல் கொண்டு வருகிற கொரியர்காரர் முதல் வருஷம் பூரா, நம்ம கோயில் குளத்தைச் சொல்லி, "இன்னாங்க, சரவணப் பொய்கையில யாராச்சும் முத்து எடுக்கறாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சென்னையில் எமர்ஜென்சி லைட் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். டைவிங் சாமான் விற்கிற ஒருத்தர் ஒருநாள் வெளிநாட்டு லைட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு பைக் விலையாம். கம்பெனிக்கு அனுப்பினால் திரும்பி வர மூணு மாசம் ஆகும் என்றார். பயந்துகொண்டே திறந்தேன். உள்ளே நம்ம டார்ச்சில் இருப்பதுதான் இருந்தது. வித்தியாசம் எல்லாம் மூடியில்தான். மூடிக்குள் உட்காருகிற அந்தக் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதே, அதுதான் அந்த லைட்டு. மற்றதெல்லாம் சும்மா. அந்த வளையத்தின் மேல் ஒரு மணல் துகள், ஒரு நூல் பிசிறு உட்கார்ந்தால் போதும், மேலே காட்டிக்கொடுக்காது. ஆழத்துக்குப் போனதும் தண்ணீர் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும்.

ஒருத்தர் சொல்லி ஒருத்தர் வந்தார்கள். உங்கள் அம்மாவுக்கு இங்கே அங்கன்வாடியில் வேலை கிடைத்ததும் மேசையோடு ஊருக்கே வந்துவிட்டோம். லைட்டு பார்சலில் வந்து பார்சலில் போகிறது. அதற்கு எந்த ஊர் என்று தெரியவா போகிறது? நான் மட்டும் இன்றைக்கு வரைக்கும் இடுப்புக்கு மேல் தண்ணீரில் இறங்கினதில்லை.

குணாவுக்கு அப்போது அஞ்சு வயசு. மஞ்சள்காமாலை வந்து தேறின வருஷம். தேறினால் அப்பனும் பிள்ளையும் மலைக்கோயிலில் மொட்டை போட்டுக்கொள்வதாக உங்கள் அம்மா வேண்டியிருந்தாள். கிருத்திகை அன்று போனோம். கூட்டம். குணா, நீ அழுத அழுகையில் நாவிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உனக்கு முட்டாய் வாங்கிவரச் சொன்னார். உன்னை முடித்துவிட்டு என் தலைக்கு வந்தார். பாதி வழித்திருக்கும்போது போன் அடித்தது.

ராஜமாணிக்கம் பேசினார். அணைக்கட்டு, துறைமுகம், பாலத்துத் தூண் என்று தண்ணிக்குள் போய்ப் பார்த்துச் சொல்கிற வேலையைக் காண்ட்ராக்ட் எடுக்கிறவர். அப்போது நம்ம அலமாரியில் இருந்ததில் பாதிக்கு மேல் அவருடைய லைட்டுதான். அவர் போனால் கடை போச்சு என்கிற நிலைமை.

"மேஸ்திரி, கனகம்மாசத்திரத்துல டீ குடிச்சுகினு கீறோம். அரை மணி நேரத்துல உன் கடை. பெரிய லைட்டு பேட்டரி போட்டு, மூடி, ரெடியா இருக்கணும். ஆந்திராவுல ஒரு அணை. நாளைக்குக் காலையில இறங்கறோம்."

"ஆங், ரெடிங்க" என்று சொல்லிவிட்டேன்.

ரெடிதான். முந்தின நாளே அந்த லைட்டைத் தண்ணீர் டேங்கியில் போட்டு அழுத்தம் ஏற்றி அரை நாள் வைத்திருந்தேன். உள்ளே ஒரு சொட்டு போகவில்லை. சீட்டில் 'டெஸ்ட் ஓகே' என்று எழுதிவிட்டேன். பேட்டரி மட்டும் தனியாக சார்ஜில் இருந்தது. திறந்து, பேட்டரியை வைத்து, திரும்ப மூட வேண்டியது மட்டும்தான் பாக்கி. அஞ்சு நிமிஷ வேலை.

மீதித் தலையையும் வழித்து முடித்ததும் இரண்டு சொம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, சந்தனத்தை அப்பிக்கொண்டு கிளம்பினேன். உங்கள் அம்மா தடுத்தாள்.

"ஒழுங்கா குளிச்சிட்டுப் போ பாவா. முடியெல்லாம் கழுத்துல ஒட்டிகினு கீது பாரு."

"வந்து குளிக்கிறேன். நீ பசங்களைக் கூட்டிகினு சாமி பார்த்துட்டு வா."

ஆட்டோ பிடித்து கடைக்கு வந்து லைட்டைத் திறந்தேன். வளையத்துக்கு கிரீஸ் தடவினேன். தலையில் சந்தனம் காய்ந்து இழுத்தது, அரித்தது. சொறிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மூடியைத் திருகினேன். அதற்குள் ஜீப்பு வந்துவிட்டது.

ராஜமாணிக்கம் இறங்கியதும் என் தலையைப் பார்த்தார். "இன்னா மேஸ்திரி, லைட்டு வேணான்னே தோணுது. உன்னையே உள்ள இறக்கிடலாம் போலகீதே!"

ஜீப்பில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தர் செல்வம். பழவேற்காட்டுக்காரர். நாலைந்து வருஷமாக ராஜமாணிக்கத்திடம் உள்ளே இறங்குகிற ஆள் அவர்தான். அந்த லைட்டைக் கையில் வாங்கியவரும் அவர்தான். வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"மூடினதுக்கு அப்பறம் தண்ணியில போட்டீங்களா மேஸ்திரி?"

"நேத்தே டெஸ்ட் ஆச்சுப்பா. சீட்டு கீது பாரு."

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. நேற்று டெஸ்ட் ஆனது நேற்று மூடின மூடி. அவர் கையில் இருந்தது இன்றைக்கு மூடினது. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஜீப்பு உறுமிக்கொண்டு நின்றது, அவ்வளவுதான்.

மூணாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அதே ஜீப்பு வந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ராஜமாணிக்கம் லைட்டை மேசை மேல் வைத்தார். கண்ணாடிக்கு உள்பக்கம் பழுப்புத் தண்ணீர் ஆடியது.

"இத்த எவன் தொறந்தான்னு நீயே சொல்லு. இவன் எதிர்ல சொல்லு" என்றார். செல்வம் வாசல்படி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். அணையில் மதகுக்குப் பக்கத்துச் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் செல்வம் இறங்கியிருக்கிறார். சேற்றுத் தண்ணீர். பாதி தூரத்தில் லைட்டு போய்விட்டது.

"ரெண்டு தடவை சிமிட்டுச்சு" என்று செல்வம் சொன்னார். "அப்பறம் ஒண்ணுமில்ல. கண்ணைத் தொறந்துகினு கீறேனா, மூடிகினு கீறேனான்னே தெரியல. இடுப்புல இருந்த சின்ன லைட்டு ஒரு முழம்கூடக் காட்டல. சுவத்தைத் தடவிகினே மேல வந்துட்டேன்."

ஆள் வந்துவிட்டார். ஆனால் வேலை நின்றுபோனது. அணை இன்ஜினியர், லைட்டுகூடச் சரியாக இல்லாமல் வருகிறீர்களா என்று எல்லார் முன்னாலும் பேசி அனுப்பிவிட்டார். ராஜமாணிக்கத்துக்கு அந்த அவமானம் தாங்கவில்லை.

"போன வருஷம் தூத்துக்குடியில போட்டுல உக்காந்துகினு ஒரு லைட்டைத் தொறந்தவன்தான் இவன். பேட்டரி ஏறிகீதான்னு பாத்தானாம்! இதையும் ராத்திரி லாட்ஜுல தொறந்து பாத்திருக்கான். கேட்டா இல்லன்றான். நீ வாயால சொல்லு மேஸ்திரி, இவன் இங்கேருந்தே பஸ் ஏறி ஊருக்குப் போவட்டும். இனிமே எவன்கிட்டயும் இவனுக்கு வேலை இருக்காது."

வெள்ளைத் துணியை விரித்து லைட்டைத் திறந்தேன். தண்ணீரை வடித்தேன். வளையத்தை மரக்குச்சியால் எடுத்து லென்ஸுக்குக் கீழே பிடித்தேன்.

ஒரு முடி. அரை விரற்கடை நீளம். கறுப்பு, ரெண்டு முனையும் வெட்டின முனை. தானாக உதிர்ந்த முடிக்கு ஒரு பக்கம் வேர் இருக்கும், இதில் இல்லை. பக்கத்திலேயே கிரீஸில் ஒட்டிக்கொண்டு மஞ்சளாக ஒரு பொருக்கு. தண்ணீர் கரைத்தது போக மிச்சம். மூக்குக்கிட்டே கொண்டுபோகத் தேவையே இல்லை. என் தலையில் அன்றைக்கும் அதே சந்தனத்தைத்தான் பூசியிருந்தேன்.

"இன்னா கீது?" என்றார் ராஜமாணிக்கம்.

பிள்ளைகளே, இங்கே நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். "வளையத்துல ஏதோ சிக்கிகினு கீதுங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் அவருக்கு அது போதும்.

"பாத்தியாடா! தொறக்காம எப்பட்றா சிக்கும்?"

அந்த நேரம் வீட்டுக்குள்ளிருந்து உங்கள் அம்மா எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள். நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன். லென்ஸ் என் கண்ணில்தான் இருந்தது. என்னைத் தவிர அந்த முடியை யாரும் பார்க்கவில்லை. ஒரு தடவை துணியால் துடைத்தால் முடிந்தது. எதிரே அலமாரி. அதில் வரிசையாக அவருடைய லைட்டுங்கள். உன்னுடைய பள்ளிக்கூடம் பவானி, குணாவுக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்த மருந்து, எல்லாம் அந்த அலமாரியில்தான் இருந்தது. டீ முழுசும் குடித்தேன். வாயில் என்ன ருசி என்று கேட்டால் தெரியாது.

செல்வம் வாசலில் இருந்து மேசைக்கிட்டே வந்தார். அவர் என்னைக் கெஞ்சியிருந்தால் ஒருவேளை நான் இன்னும் கொஞ்சம் தாமதித்திருப்பேன். அவர் கெஞ்சவில்லை.

"நான் தொறக்கல மேஸ்திரி. ஆனா தெரியாம நானே எதுனா பண்ணியிருந்தாலும் சொல்லிடுங்க. சாமானை எப்படிப் பிடிச்சேன், எங்க வெச்சேன்... ஏதோ ஒண்ணு. தெரிஞ்சா அடுத்த தடவை பண்ண மாட்டேன் பாருங்க."

உள்ளே இருட்டில் மாட்டிக்கொண்டு வந்த மனுஷன், தன் பக்கம் தப்பு இருக்குமோ என்று என்னிடம் கேட்கிறார். நான் லென்ஸைக் கழற்றி ராஜமாணிக்கத்திடம் நீட்டினேன்.

"பாருங்க. முடி. அது இவர் முடி இல்லைங்க. இவரோடது கடல் தண்ணியில ஊறி செம்பட்டையா கீது. இது என்னுது." குனிந்து தலையைக் காட்டினேன். "அன்னைக்கு மொட்டை போட்டுட்டு குளிக்காம வந்து மூடினேன். பக்கத்துல சந்தனமும் கீது பாருங்க. டெஸ்ட் பண்ணது முந்தின நாள் மூடினதை. உங்க கையில குடுத்தது டெஸ்ட் பண்ணாததை."

அவர் லென்ஸ் வழியாகப் பார்த்தார். நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார். திரும்பவும் குனிந்து பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் பக்கத்தில் இருந்த காலி டம்ளரைத்தான் காட்டினார்.

"இத்த சொல்ல உனக்கு ஒரு டம்ளர் டீ ஆச்சா?"

டம்ளரை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தேன்.

அவர் ஆட்களைக் கூப்பிட்டு அலமாரியில் இருந்த தன்னுடைய லைட்டுகளை எல்லாம், ரிப்பேர் ஆனது, ஆகாதது எல்லாவற்றையும், பெட்டியில் அடுக்கச் சொன்னார். செல்வமும் சேர்ந்து அடுக்கினார். கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது படியில் நின்று, "இப்பவாச்சும் தலைக்குக் குளிச்சீங்களா மேஸ்திரி?" என்றார். ராஜமாணிக்கம் அதற்கும் சிரிக்கவில்லை. ஆனால் செல்வம் ஜீப்பில் முன்சீட்டில் ஏறினதைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் போகவில்லை.

உங்கள் அம்மா வந்து வெறும் அலமாரித் தட்டுகளைத் துணியால் துடைத்தாள். அப்புறம், "நான் குளிச்சிட்டுப் போன்னு சொன்னேனா இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

அந்த வெறும் மாசங்களில்தான் இப்போது நீங்கள் செய்கிற முறையெல்லாம் வந்தது. பேட்டரி வைத்து, கடைசியாக மூடினதுக்கு அப்புறம்தான் டேங்கி. டேங்கியில் இருந்து வெளியே எடுத்ததும் மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு கோடு, நகப்பூச்சில். முதல் கோடு பவானியுடைய பூச்சில் போட்டதுதான். ஆண்டு விழா டான்ஸுக்கு வாங்கின சிவப்பு. எங்கே போச்சு என்று நீ இரண்டு நாள் வீட்டைப் புரட்டினாய். நான் எடுத்தேன் என்று இன்றைக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோடு அழகுக்கு இல்லை. உடைந்திருந்தால் வெளியே யாரோ திறந்திருக்கிறார்கள். உடையாமல் உள்ளே தண்ணீர் இருந்தால் அது நாம். யாரையும் வாசலில் நிற்க வைத்து விசாரிக்கத் தேவையில்லை. சீட்டில் மூடினவர் பெயர் எழுதச் சொன்னதும் அப்போதுதான். கடை பெயர் இல்லை, ஆள் பெயர்.

மழைக்காலம் போய்ப் பனி இறங்கின சமயம் செல்வம் தனியாகப் பஸ்ஸில் வந்தார். சாப்பாட்டுப் பை ஒன்று கையில். சாப்பாடு இல்லை, உள்ளே அந்தப் பெரிய லைட்டு.

"ஐயா அனுப்பினாரா?" என்று கேட்டேன்.

"அனுப்பல. நானா கேட்டு எடுத்துகினு வந்தேன். இப்ப வேற எடத்துல ரிப்பேருக்குக் குடுக்கறாங்க. பெரிய கடை, ஏசியெல்லாம் கீது. இத்த மூடினது யாருங்கன்னு கேட்டேன். கம்பெனி மூடிச்சுன்றாங்க. கம்பெனிக்குக் கை எங்க கீது? எனக்கு ஆள் வேணும் மேஸ்திரி. உள்ள போறப்ப ஒரு மூஞ்சி ஞாபகத்துக்கு வரணும்."

"என் மூஞ்சி ஞாபகம் வந்தா பயமா இருக்காதா?"

"வரும். ஆனா நீங்க சொல்லிட்டீங்க இல்ல. சொல்ற ஆள்கிட்ட பயந்துகினாவது குடுக்கலாம்."

அன்றைக்கு அவர் கண் எதிரிலேயே எல்லாம் செய்தேன். தலையில் துண்டு கட்டிக்கொண்டேன். டேங்கியில் லைட்டு கிடந்த நேரம் முழுக்க அவரும் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். அம்மா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டார். குணாவுக்கு மீன் எப்படிப் பிடிப்பது என்று கையாலேயே நீந்திக் காட்டினார். போகும்போது, "ஒரு தடவை வாங்க. நீங்க மூடற லைட்டு எங்கதான் போவுதுன்னு பாருங்க" என்றார்.

போனேன். அதே அணை. நின்றுபோன வேலையை முடித்துக் கொடுக்கத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். கரையில் ராஜமாணிக்கம் இருந்தார். என்னைப் பார்த்தார். "வந்துட்டியா" என்றார். செல்வத்தின் இடுப்புக் கயிற்றைப் பிடிக்கிறவரிடம், "இவனையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கோ. கடைசி முழம் இவன் கையில இருக்கட்டும்" என்றார்.

பழுப்புத் தண்ணீர். செல்வம் இறங்கினார். லைட்டு மஞ்சளாகி, சிவப்பாகி, அப்புறம் இல்லாமலே போனது. அது எரிகிறதா அணைந்துவிட்டதா என்று மேலே இருக்கிறவனுக்குத் தெரிய வழியே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் தெரியவில்லை. கையில் இருந்த கயிறு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. நின்றது. நான் எழுந்துவிட்டேன். கயிறுக்காரர், "சும்மா இருங்க, சுவத்தைப் பாக்கறாரு" என்றார். திரும்ப நகர்ந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் தண்ணீர் கலங்கி, ஒரு தலை வெளியே வந்தது. செல்வம் கரையைப் பிடித்து ஏறி, வாயில் இருந்ததை எடுத்துவிட்டு, விரிசல் எங்கே, எத்தனை அடி என்று இன்ஜினியரிடம் சொல்ல ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டே ராஜமாணிக்கம் லைட்டை வாங்கி என்னிடம் கொடுத்தார். உச்சி வெயில். கண்ணாடியில் வெளிச்சம் தெரியவே இல்லை. செல்வம் அணைத்துவிட்டார் போல என்று நினைத்துக் கையை எதிரே வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை வெள்ளையாகிவிட்டது. எரிந்துகொண்டுதான் இருந்தது.